முகத்தில் பூசும் அமினோ அமிலம்: சீரத்துக்கு முன்னால் ஃபேஸ் வாஷைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமினோ அமிலம் கலந்த சீரம், கிரீம் பற்றிப் போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்ததே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். திங்கட்கிழமை காலை மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவந்து, "மிஸ், இதைப் பூசினால் கொலாஜன் கூடுமா?" என்று கேட்டாள். கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் ஒரு புரதம்; புரதங்களைக் கட்டும் சிறு அலகுகள்தான் அமினோ அமிலங்கள். அமினோ அமிலம் எங்கள் பாடத்தில் வருவதுதான். ஆனாலும் அவளுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் கட்டுரையில் இருந்த ஒரு வாதம். கொலாஜன் அமினோ அமிலங்களால் ஆனது, ஆகவே அமினோ அமிலத்தைத் தோலில் பூசினால் கொலாஜன் பெருகும் என்று எழுதியிருந்தார்கள். முதல் பாதி முழுக்கச் சரி. இரண்டாம் பாதி அதிலிருந்து கிளம்பவே கிளம்பாது. ஆனால் இரண்டையும் ஒட்டிவைத்துப் படிக்கும்போது அறிவியல் மாதிரியே இருக்கிறது, படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். நானே நம்பினேன்.

நாற்பது வயதைத் தாண்டியபோது என் கன்னங்கள் இரண்டும் காய்ந்து, வாயோரத்தில் தோல் மெல்லிய செதிலாக உரியத் தொடங்கியது. காலையில் முகம் கழுவித் துடைத்தவுடன் யாரோ முகத்தை நாலு பக்கமும் பிடித்து இழுப்பது போல இருக்கும். சுத்தமாகிவிட்டதன் அடையாளம் அது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளம்பரம் பார்த்து அமினோ அமில சீரம் ஒன்று வாங்கினேன், அது தீர்ந்ததும் இன்னொன்று. பூசிய அரைமணி நேரம் முகம் பளபளப்பாக இருக்கும், மதியத்துக்குள் பழைய கதைதான். கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். நான் பையிலிருந்து சீரம் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தபோது அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முகத்தை எதால் கழுவுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று மட்டும் கேட்டார். நன்றாக நுரைக்கும் ஒரு ஃபேஸ் வாஷால் நாலு தடவை என்றேன். அவர் அதை நிறுத்தச் சொன்னார், மென்மையான ஒன்றை இரவில் ஒரே ஒரு தடவை போடச் சொன்னார், காலையில் வெறும் தண்ணீர், கழுவிய ஈரம் போவதற்குள் சாதாரணமான ஒரு மாய்ஸ்சரைசர். ஒரு மாதத்துக்குள் செதில் நின்றது. இது ஒருத்தியின் அனுபவம்தான், ஒரே நேரத்தில் பலதையும் மாற்றியதால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்த வேதியியலை வைத்து இதைத் துருவ ஆரம்பித்தேன்.

முதலில் அமினோ அமிலத்துக்கும் முகத்துக்கும் உள்ள உண்மையான உறவு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் விட்டுப்போனது அதுதான், கொலாஜன் கதையைவிட அதுதான் அழகாகவும் இருக்கிறது. நம் தோலின் ஆக வெளியே ஒரு படலம் இருக்கிறது. முகத்தில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. இறந்து தட்டையாகிப்போன செல்கள் அடுக்கடுக்காக இருக்கும் அந்தப் படலம்தான் உடம்பின் தண்ணீர் வெளியே ஆவியாகாமல் காக்கிறது, அது தானும் ஈரமாக இருந்தால்தான் வெடிக்காமல் வளைந்துகொடுக்கும். இறந்த செல்லுக்கு ஈரம் எங்கிருந்து வரும்? அதற்கான ஏற்பாட்டைத் தோல் முன்கூட்டியே செய்துவைக்கிறது. கீழடுக்கில் செல் உயிரோடு இருக்கும்போதே ஃபிலாகிரின் என்ற புரதத்தின் மூல வடிவத்தைச் சேர்த்துவைக்கும். செல் மேலே ஏறி வர வர அந்தப் புரதம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, கடைசியில் தனித்தனி அமினோ அமிலங்களாக உதிர்ந்துவிடும். இவை தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இவற்றோடு யூரியா, லாக்டேட், சில உப்புகள் எல்லாம் சேர்ந்த கலவைக்குத் தோலின் இயற்கை ஈரப்பதக் காரணி என்று பெயர். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் தனி அமினோ அமிலங்கள், இன்னொரு 12 சதவீதம் பிசிஏ என்ற பொருள், அதுவும் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாவதுதான்.

ஆக, யாரும் எதையும் பூசாமலேயே நம் முகத்தில் இந்த நிமிடம் அமினோ அமிலம் இருக்கிறது, தோல் அதைத் தானே செய்துகொள்கிறது.

ஃபிலாகிரின் எவ்வளவு முக்கியம் என்பது 2006-இல் தெளிவாகத் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்ற நாட்டவரோடு சேர்ந்து, இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதாகிப் பிறப்பவர்களுக்குத் தோல் மீன்செதில் போல வறண்டுவிடுகிறது, அவர்களுக்குக் கரப்பான் (எக்ஸிமா) என்ற அரிப்புத் தோல்நோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்று காட்டினார்கள். அதுவரை கரப்பானைப் பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் சக்தியின் கோளாறாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பிறகு தோலின் வெளிச்சுவர் பழுதாவதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று பேச ஆரம்பித்தார்கள். குழந்தைக்குக் கரப்பான் இருக்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்கள் சரியாகக் கவனிக்காததால் அது வரவில்லை.

சரி, தோலில் இருக்கும் அதே பொருளை வெளியிலிருந்து பூசினால்? பூசிய இடத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், காய்ந்த தோல் கொஞ்சம் மென்மையாகும், மெல்லிய வறட்சிக் கோடுகள் தற்காலிகமாக மறையும். இது உண்மையான பலன்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. செரின், கிளைசின், அலனின், ஆர்ஜினின், சோடியம் பிசிஏ எல்லாம் நல்ல ஈரமூட்டிகள். ஆனால் கிளிசரினும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது, பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்த பொருள், விலையும் குறைவு. அப்புறம், ஈரமூட்டியைப் பூசி அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், அதன் மேல் எண்ணெய்ப்பசை உள்ள கிரீமோ வாசலினோ ஒரு பூச்சாக மூடினால்தான் பிடித்த தண்ணீர் நிற்கும். என் சீரம் மதியத்துக்குள் தோற்றுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம், நான் அதன் மேல் எதையும் பூசவில்லை.

இனி கொலாஜன். அது இருப்பது மேலே சொன்ன படலத்தில் இல்லை, அதற்கெல்லாம் அடியில், உட்தோலில். அங்கே போக வேண்டுமென்றால் கொழுப்பு நிறைந்த வெளிப்படலத்தைக் கடக்க வேண்டும். போஸ், மைனார்டி என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-இல் ஒரு விதியை முன்வைத்தார்கள், 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு ஆரோக்கியமான தோலைத் தாண்டிப் போவது மிகவும் கடினம் என்று. கொலாஜன் மூலக்கூறு சுமார் 3 லட்சம் டால்டன். எனவே கிரீமில் இருக்கும் முழுக் கொலாஜன் மேலேயே உட்கார்ந்திருக்கும், அது வெறும் ஈரமூட்டிதான். இதைப் படித்த என் மாணவி உடனே கேட்டாள், கிளைசின் 75 டால்டன், மிகப் பெரிதான டிரிப்டோஃபேன்கூட 204 தானே, அப்போது அமினோ அமிலம் சுலபமாக உள்ளே போகுமே என்று. நல்ல கேள்வி, இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சின்னதாக இருந்தால் மட்டும் போதாது. அமினோ அமிலம் ஒரே மூலக்கூறில் நேர்மின்னும் எதிர்மின்னும் சேர்ந்த சுவிட்டர் அயனி, தண்ணீரில் கரையும், கொழுப்பில் ஒட்டாது. கொழுப்புச் சுவருக்கு முன்னால் அது நின்றுவிடும். கொஞ்சம் கசியலாம், அவ்வளவுதான்.

அப்படியே கசிந்து உள்ளே போனதாக வைத்துக்கொள்வோம். கொலாஜனைச் செய்யும் செல்களுக்கு அமினோ அமிலம் இரத்தத்தில் வந்துகொண்டே இருக்கிறது. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு அங்கே செங்கல் பஞ்சம் இல்லை. வயதாக ஆகக் கொத்தனார்களின் வேகம் குறைகிறது, கட்டிய சுவரை வெயில் இடித்துக்கொண்டே இருக்கிறது, குறை அங்கேதான். வாசலில் இன்னும் நாலு செங்கலைக் கொட்டினால் கொத்தனார் வேகமாகக் கட்டுவாரா? வேதியியல் வரலாற்றிலிருந்து இன்னொன்றும் மாணவிகளுக்குச் சொல்வேன். கிளைசினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ, 1820-இல். அவர் ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தார், இனிப்பான படிகங்கள் கிடைத்தன. ஜெலட்டின் என்பது வெந்து குலைந்த கொலாஜன்தான், அதன் சங்கிலியில் ஏறக்குறைய ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின். கொலாஜனை உடைத்தால் கிளைசின் வரும் என்று 200 ஆண்டுக்கு முன்னாலேயே தெரியும். கிளைசினைக் கன்னத்தில் தடவினால் கொலாஜன் வரும் என்பதை இன்றுவரை யாரும் காட்டவில்லை.

"அத்தியாவசிய அமினோ அமிலங்கள் நிறைந்தது" என்ற வரியும் அந்தக் கட்டுரையில் இருந்தது. இந்த அத்தியாவசியம் என்ற சொல் உணவியலில் வருவது. உடம்பால் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டிய 9 அமினோ அமிலங்களுக்குத்தான் அந்தப் பெயர். முகத்துக்கு அத்தியாவசியம் என்று அதற்குப் பொருளே இல்லை. தோலின் இயற்கை ஈரக் கலவையில் அதிகமாக இருக்கும் அமினோ அமிலம் செரின், அந்த 9 பேர் பட்டியலில் அது கிடையாது. சொல்லின் கனத்தை வைத்துப் பொருளை விற்கிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன், முகம் கழுவுவது. தோலின் ஈரக் கலவை முழுவதும் தண்ணீரில் கரைவது. அப்படியானால் ஒவ்வொரு கழுவலிலும் அதில் கொஞ்சம் போகும். கழுவும் பொருள் கடுமையானதாக இருந்தால் அந்தக் கலவையோடு செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பும் சேர்ந்து போகும், கழுவும் பொருளின் ஒரு பகுதி தோலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு எரிச்சலையும் உண்டாக்கும். கழுவியதும் முகம் இழுக்கிறதே, அந்த இழுப்பு இதனால்தான். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு அதற்கு 9 முதல் 10 வரை போகும். தோலின் மேற்பரப்போ லேசான அமிலம், 5-ஐ ஒட்டி இருக்கும். சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் எவ்வளவு எரிச்சலூட்டும் என்றால், தோல் ஆய்வாளர்கள் சோதனைக்காக வேண்டுமென்றே தோலில் எரிச்சல் உண்டாக்க வேண்டிய நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துவதே அதைத்தான். இதையும் சோடியம் லாரெத் சல்ஃபேட்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம், ஓர் எழுத்து வித்தியாசம் மாதிரி தெரிந்தாலும் லாரெத் அதைவிட மென்மையானது. தவிர, அளவையும் கூடச் சேர்க்கும் பொருள்களையும் பொறுத்து எந்தக் கலவையும் மென்மையாகவோ கடுமையாகவோ மாறும்.

அமினோ அமிலம் முகத்துக்கு உண்மையிலேயே கைகொடுப்பது இந்த இடத்தில். தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தை கிளைசினோடோ குளுட்டமிக் அமிலத்தோடோ அலனினோடோ இணைத்தால் ஒரு நுரைப்பொருள் கிடைக்கும். ஜப்பானில் 1970-களிலேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சோடியம் கோகோயில் கிளைசினேட், சோடியம் கோகோயில் குளுட்டமேட், சோடியம் லாராய்ல் சார்கோசினேட் என்று லேபிளில் வருபவை எல்லாம் இந்தக் குடும்பம். அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும், ஆனால் தோலின் புரதத்தைப் பிடித்துக் குதறாது. குளுட்டமேட் வகை தோலைப் போன்ற லேசான அமில நிலையிலேயே வேலை செய்யும். கிளைசினேட் வகை நன்றாக நுரைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் காரப் பக்கம் போக வேண்டியிருக்கும், அதனால் அமினோ அமில ஃபேஸ் வாஷ் என்று போட்டிருந்தாலே எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கழுவி ஐந்து நிமிடம் எதையும் பூசாமல் இருந்து பாருங்கள். முகம் இழுத்தால் அது உங்களுக்குச் சரிப்படவில்லை, லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இதில் கவனிக்க வேண்டியது, இங்கே அமினோ அமிலம் தோலுக்குள் போக வேண்டிய அவசியமே கிடையாது. முப்பது நொடி முகத்தில் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடுகிறது. தோல் தானே செய்து வைத்திருக்கும் அமினோ அமிலத்தை அவ்வளவாகச் சுரண்டாமல் விட்டுவிட்டுப் போகிறது, அதுதான் அதன் உபகாரம். சீரத்தில் சேர்ப்பதை ஃபேஸ் வாஷில் இழந்துகொண்டிருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். இரண்டில் ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், சீரத்தை விட்டுவிட்டு மென்மையான ஃபேஸ் வாஷ் ஒன்றும் சாதாரண மாய்ஸ்சரைசர் ஒன்றும் வாங்குங்கள் என்பேன். இந்த வகை நுரை அவ்வளவு பெரிதாகப் பொங்காது, அதைப் பார்த்து முகம் சுத்தமாகவில்லை என்று நினைத்து இரண்டு மூன்று தடவை கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். நுரையின் அளவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

லேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொருட்களின் பெயர்களை அளவு அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாகப் போடுவதுதான் பல நாடுகளில் விதி. ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடலாம். இதில் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளைப் பல நாடுகளில் 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. அதனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வரிசையாக பதினைந்து அமினோ அமிலங்கள் நின்றால், ஒவ்வொன்றும் 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வழியில்லை. பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அந்தப் பதினைந்தையும் பற்றிப் பெருமை இருக்கும், உள்ளே பெரும்பகுதி தண்ணீரும் கிளிசரினும். அந்தக் கிளிசரின்தான் உங்கள் முகத்தை மென்மையாக்கியிருக்கும், பேர் அமினோ அமிலத்துக்குப் போயிருக்கும். ஆர்ஜினினை வெறும் பிஎச் சரிசெய்யச் சேர்த்துவிட்டு, அதையும் பலன் பட்டியலில் எழுதுகிறவர்கள் உண்டு.

பெப்டைடுகள் வேறு விஷயம், அவற்றைத் தனி அமினோ அமிலங்களோடு சேர்த்துக் குழப்பியிருந்தார் கட்டுரையாளர். சில அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் கோத்த சிறு சங்கிலி அது, செல்லுக்கு ஒரு சமிக்ஞை தரும் என்ற எண்ணத்தில் சேர்க்கிறார்கள். தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் மூன்று கண்ணிச் சங்கிலி ஒன்றை லோரன் பிக்கார்ட் 1973-இல் மனித இரத்தத்தில் கண்டார். ஐந்து கண்ணிச் சங்கிலி ஒன்றின் முனையில் கொழுப்பைச் சேர்த்து, 12 வாரம் பூசிப் பார்த்த சோதனையில் மெல்லிய கோடுகள் கொஞ்சம் குறைந்தன என்று 2005-இல் வெளியிட்டார்கள். சோதித்தவர்கள் அழகுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்களே. பலன் சிறியது, நம்பிக்கை தரக்கூடியது, அதற்கு மேல் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

மங்கு விஷயத்தில் கட்டுரையாளர் டிரானெக்ஸாமிக் அமிலத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். லைசின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் செயற்கையாகச் செய்த மூலக்கூறு அது, ஜப்பானில் உத்தாகோ ஒக்காமோத்தோவும் அவர் கணவரும் 1962-இல் இரத்தப்போக்கை நிறுத்துவதற்காகக் கண்டுபிடித்தது. கன்னத்தில் விழும் மங்குக்கு இப்போது தோல் மருத்துவர்கள் அதைப் பூச்சாகவும் மாத்திரையாகவும் தருகிறார்கள். மாத்திரை இரத்தம் உறைவதோடு தொடர்புடையது, இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆபத்து, யாரோ சொன்னார்கள் என்று வாங்கி விழுங்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, எனக்கு உண்மையில் கோபம் வந்தது கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தபோதுதான். சிவப்பழகுக்கு குளுட்டாதயோன் ஊசி என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. குளுட்டாதயோன் என்பது குளுட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் மூன்றும் சேர்ந்தது, நம் செல்களே செய்துகொள்வது. "அமினோ அமிலம்தானே, உடம்பில் இருப்பதுதானே" என்ற பேச்சோடு அதை இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். உடம்பில் இருப்பது என்பதாலேயே இரத்தத்தில் நேராக அளவில்லாமல் ஏற்றினால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது, பொட்டாசியமும் உடம்பில் இருப்பதுதான், அதை அப்படி ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. தோலை வெளுக்க இந்த ஊசியைப் போடுவதற்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. சிறுநீரகம், ஈரல், தைராய்டு பாதிப்பு, தோல் வெந்து உரிவது போன்ற கடும் எதிர்வினை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். என் வகுப்பில் பதினாறு வயதுப் பெண்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தன் நிறம் சரியில்லை என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லிக் கேட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்கள் நிறத்தில் குணப்படுத்த ஒன்றுமே இல்லை. அந்த ஒரு வரியைப் போடுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரு தோல் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

கொலாஜனைக் காப்பாற்ற வேண்டுமென்று ஒருவருக்கு ஆசை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது, அது கட்டுரையில் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலில் கொலாஜனை வெட்டும் நொதிகள் கிளம்பிவிடும். அதைத் தடுப்பது சன்ஸ்கிரீன், தொப்பி, நிழல். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை வைத்து நாலரை ஆண்டு சோதித்தார்கள், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது, 2013-இல் வெளியானது அது. அப்புறம் வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினாய்டு வகைப் பூச்சுகள், 1980-களிலிருந்தே ஆதாரம் சேர்ந்துகொண்டு வருபவை, ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த இரண்டும் புதிதில்லை, பெயரிலும் கவர்ச்சியில்லை, அதனால் இவற்றைப் பற்றி எழுத யாருக்கும் மனம் வருவதில்லை போலிருக்கிறது.

அமினோ அமிலப் பூச்சுகளால் பெரிய கெடுதல் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். தோலுக்குப் பழக்கமான பொருள்தான். எரிச்சல் வந்தால் பெரும்பாலும் கூடவே சேர்த்த வாசனைப் பொருளோ பதப்படுத்தும் பொருளோ காரணமாக இருக்கும். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரே நாளில் மூன்று புதுப் பொருளைத் தொடங்கிவிட்டு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் திண்டாடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் கோரிக்கை இதுதான். அழகுப் பகுதியை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் விரும்பிப் படிப்பதுதான் அது. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் குளுட்டாதயோன் ஊசி பற்றிய வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த அதே அளவு எழுத்தில். கொலாஜன் பற்றிய வரியையும் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். முடிந்தால் ஃபேஸ் வாஷ் லேபிள்களில் வரும் பத்துப் பதினைந்து பெயர்களைத் தமிழ் எழுத்தில் போட்டு, எது மென்மை, எது கடுமை என்று ஒரு சின்னப் பட்டியல் வெளியிடுங்கள். ஆங்கிலம் சரியாக வாசிக்க வராத என் அம்மா மாதிரி வாசகிகள் அதைக் கத்தரித்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள். பட்டியல் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நானும் என் மாணவிகளும் உட்கார்ந்து எழுதித் தருகிறோம், நீங்கள் மருத்துவரிடம் சரிபார்த்துக்கொண்டு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
வேதியியல் ஆசிரியை